வராத கையின் வழியே

காலையில் எனக்கு எட்டு ரூபாய் பாக்கி வைத்தவர்,
டிக்கெட்டின் பின்னால் 8 என்று கிறுக்கி
"எறங்கும்போது வாங்கிக்கம்மா" என்றவர்,
பிற்பகல் மூன்று இருபதுக்கு
எங்கள் ஸ்ட்ரெச்சரில் வந்தார்.

புதுவயல் தாண்டி, கோட்டையூருக்கு முன்னால் எங்கோ
வலது கையிலிருந்து டிக்கெட் மெஷின் நழுவியதாம்.
எடுக்கக் குனிந்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம்.
டிரைவர் அதற்குப் பிறகு எங்கும் நிறுத்தவில்லை.
ஐம்பது சொச்சம் பயணிகளோடு
காரைக்குடி ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டது பஸ்.
அவசரப் பிரிவில் ஒருவர் கோழிக்கூடையோடு நின்றார்.

சேவுகமூர்த்தி, ஐம்பத்தாறு.
மூளையின் இடப்பக்கம் ஒரு ரத்தக்குழாய்
எழுதிக்கொண்டிருந்த பேனா தீர்ந்த இடம் போல
பாதியில் நின்றிருந்தது.

தொடையில்தான் தொடங்கினோம், வழக்கப்படி.
டாக்டர் உமையாள் கம்பியை ஏற்ற ஏற்ற
அது நெஞ்சு வளைவில் போய் மடங்கி
வந்த வழியே சரிந்தது.
பிறவியிலேயே வேறு அமைப்பு அவருக்கு:
இடது கழுத்துக்குப் போகும் கிளை தனியே பிரியாமல்
வலது கைக்குப் போகும் கிளையின் இடுப்பில் முளைத்திருந்தது.
பதினொரு நிமிஷம் போனது.
நிமிஷத்துக்கு எத்தனை லட்சம் செல் சாகும் என்பது
அந்த அறையில் எல்லோருக்கும் மனப்பாடம்.
யாரும் வாய் திறக்கவில்லை.

"மணிக்கட்டு" என்றார் உமையாள்.
"எந்தக் கை மேடம்?"
"வலது."

வராத கை.
சற்று முன்பு "அமுக்குங்க ஐயா" என்று
என் விரலைக் கொடுத்தபோது
யாரோ சீட்டில் மறந்துவிட்டுப் போன பை மாதிரி கிடந்த கை.
திருப்பினேன்.
குன்றக்குடிக் கயிறு, மூன்று முடிச்சு,
முடிச்சுக்குள் சில்லறையின் அழுக்கு.
வெளியே நிற்கும் பூமயிலிடம் கேட்க நேரமில்லை.
கத்தரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அடியில் நாடி ஓடிக்கொண்டிருந்தது.
கைக்கு உத்தரவு வருவது நின்று
ஒன்றரை மணி நேரமாகியும்
ரத்தத்துக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை.

அல்ட்ராசவுண்டில் இரண்டரை மில்லிமீட்டர் கறுப்பு வட்டம்.
ஒரே குத்து.
குழாய் சுருங்காமலிருக்க ஏற்றும் மருந்து கை முழுக்க எரியும்.
அவருக்கு எரியவில்லை.
எரிந்து கத்தியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

முழங்கை, தோள்,
பிறகு அந்தப் பிறவிக் கோணல் வழியே
திரும்பவே தேவையில்லாமல் கழுத்துக்குள்.
"படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடமிருக்கு" என்று
தினமும் காலையில் அவர் போடும் சத்தம்
எனக்குள் ஓடியதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் இழுப்பில் வந்தது.
காஸ் துணியில் புதுவயல் குருணை அளவு, கருஞ்சிவப்பு.
இதற்கா இவ்வளவு.
மானிட்டரில் கிளைகள், கரண்டு வந்த தெருவாய்,
கடைசி வீடு வரை.

மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை கட்டினோம்.
தொடையிலும் ஓட்டை போட்டிருந்ததால்
இரவு முழுக்கப் புரளக்கூடாது.
முதலிலேயே கைக்குப் போயிருக்கலாம் என்று
உமையாள் மேடம் கை கழுவும் இடத்தில்
குழாயைப் பார்த்துச் சொன்னார்.

கால் மணிக்கொரு தரம் இரண்டு மில்லி காற்று இறக்க வேண்டும்.
எட்டரைக்கு இறக்கும்போது பட்டைக்குக் கீழே
சுண்டுவிரல் அசைந்தது.
"அமுக்குங்க ஐயா."
அமுக்கினார்.
ஒரு பத்து ரூபாய்த் தாளைக்
காற்றில் பறக்கவிடாமல் பிடிக்கும் அளவுக்கு.

பேச்சு நான்காம் நாள் வந்தது, ஒரே ஒரு சொல்.
சாப்பிட்டீங்களா? ரைட்.
வலிக்குதா? ரைட்.
இது யாரு தெரியுதா? ரைட், ரைட்.
பூமயில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே
முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்தாள்.
கயிற்றை நான் கொடுத்தபோது
எந்தக் கையில் கட்டுவது என்று கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த பஸ்ஸில் வேறு கண்டக்டர், சின்னப் பையன்,
சில்லறை சரியாகக் கொடுக்கிறான்.
பழைய டிக்கெட் என் பர்ஸில் இருக்கிறது.
8.
மேல் சுழி கொஞ்சம் பெரிது,
பஸ் குலுங்கியிருக்க வேண்டும்.