வலது காது

அசனத்துக்கு அறுத்த ஆட்டிறைச்சி
அண்டாவில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே
அதே கத்தியால் வெட்டுப்பட்ட ஒரு காதைத்
துண்டால் பொத்திக்கொண்டு
ஆட்டோவில் கொண்டுவந்தார்கள்.

சாலேம்புரத்திலிருந்து.
சமாதானம் என்று பொருள் சொல்லி
எந்த வெள்ளைக்காரரோ வைத்துப்போன பேர்.
திசையன்விளைக்குப் போகிற வழியில்
தேரி மணல் ஏறிப் பாதி புதைந்த பெயர்ப்பலகை.

காது ஞானசிகாமணியுடையது.
கத்தி பிடித்தவன் என் சித்தி மகன் அருமைத்துரை,
ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து
எவர்சில்வர் டம்ளர் வாங்கினவன்.
எந்தத் தெருக்காரன் முதல் கரண்டி
சோறு போடுவது என்பதில் சண்டை.
காலையில்தான் இருவரும் முழங்காலில் நின்று
ஒரே பாத்திரத்தில் குடித்திருந்தார்கள்.

டாக்டர் இளம்பரிதி கையுறை மாட்டினார்.
நல்ல மனுஷன். ஊசியும் போட்டு
பஸ் காசும் கொடுத்தனுப்புகிறவர்.
'கோவப்படாதீங்க சிஸ்டர்.
சாமின்னு ஒண்ணு இல்லாட்டி இந்தக் காது
இருந்த இடத்துலயே இருந்திருக்கும்லா?'

பதில் என்னிடம் இருந்தது.
ஒன்றில்லை, ஒரு டிராயர் நிறைய.
வரப்புக்காக வெட்டினவன் எந்த வேதம்?
கடவுளே இல்லையென்ற அரசாங்கங்கள்
தோண்டின குழிகளை யார் எண்ணினார்கள்?
கண்புரைக்கும் காலராவுக்கும்
இந்தப் பக்கம் முதலில் நடந்து வந்த கால்கள் யாருடையவை?
'இது மதமில்ல டாக்டர், தெரு'
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அந்தத் தெருவும் எங்கள் பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தது,
முன்வரிசையில், மின்விசிறிக்குக் கீழே,
வாராவாரம்.
மூடிக்கொண்டேன்.

கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் செத்து மூன்று மாதம்.
'யாராவது லைட் அடிங்கப்பா.'
வராந்தாவிலிருந்து ஒரு செல்போன் வெளிச்சம் வந்தது,
அதன் பின்னால் அருமைத்துரை.
சட்டையில் மஞ்சள்பொடியும் ரத்தமும்.
ஓடியிருக்கலாம்.
ஒளிந்துகொள்ள ஊர் முழுக்க வாழைத்தோட்டம்.
ஞானசிகாமணி அவனைப் பார்த்தான்.
பிறகு கூரையைப் பார்த்தான்.
'நேராப் பிடிய்யா. வெளிச்சம் ஆடுது.'

ஊசி போய் வந்தது.
நூலைக் கத்தரித்துக்கொண்டே சொன்னேன்,
அவருக்குப் பதிலாக இல்லை,
எனக்கே கேட்கட்டுமென்று:

'எங்க வேதத்துலயும் ஒரு காது உண்டு டாக்டர்.
ராத்திரி. தோட்டம். தீவட்டி.
வெட்டினது எதிராளி இல்ல, எங்காளு.
அதுவும் அவர் மேல உள்ள பாசத்துல.
பிடிக்க வந்த கூட்டத்துல
யாரோ ஒரு வேலைக்காரன்.
அவன் வலது காது.
அவர் தொட்டார். ஒட்டிக்கிட்டு.
அப்புறம் அந்தக் கையைக் கட்டிட்டாங்க.
கட்டு விழுறதுக்கு முன்னால
அந்தக் கை செஞ்ச கடைசி வைத்தியம்,
தன் சீஷன் செஞ்ச காயத்துக்கு.'

ஆறாவது தையல்.
செல்போன் வெளிச்சம் மறுபடி ஆடியது.
'ஒட்டவச்சவர் ஒருத்தர் சிஸ்டர்.
வெட்டினவங்க கணக்கு?'

கணக்கு என்னிடம் இல்லை.
இருந்திருந்தாலும் இந்த அறையில்
எடுத்து வைக்கக் கூசியிருக்கும்.
அந்த இரவை நாலு பேர் எழுதினார்கள்.
வெட்டு நாலிலும் இருக்கிறது, ஒருவரும் மறைக்கவில்லை.
தொட்டு ஆற்றியது ஒன்றில் மட்டும்.
அதை எழுதினவர் வைத்தியர் என்பார்கள்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
அவர் குனிந்து
காது மடலின் விளிம்போடு விளிம்பைச்
சேர்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்தது.
அருமைத்துரை கையை இறக்கவில்லை.
வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கிற சத்தம்,
பூட்ஸ் மணலை உதறுகிற சத்தம்.
'முடியிற வரைக்கும் நிக்கட்டும்' என்றார் டாக்டர்,
யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.
இன்னும் இரண்டு தையல் இருந்தது.