நிர்வாகியிடம் அனுமதி பெறுக

முப்பத்திரண்டு வீதத்தில்
மூன்றாம் தரமும் நின்றது.
அனுமதி மறுக்கப்பட்டது.
கீழே ஒரு பிழை இலக்கம்:
எட்டு, சைபர் சைபர், ஏழு,
சைபர் சைபர் சைபர், ஐந்து.
இடித்துவிட்டு ஓடிய லொறியின் நம்பரைப் போல
மஹ்றூபா அதைப் பசளைப் பையின் ஓரத்தில்
அவசரமாய்க் குறித்துக்கொண்டா.

சம்மாந்துறைக் கமக்காரர் சங்கக் கந்தோர்.
வாய்க்காலில் தண்ணி வந்துவிட்டது.
விதை நெல்லை ஊறப்போட்டவர்கள்
வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி
"பட்டியல் போயிட்டா?" என்று எட்டிப் பார்க்கிறார்கள்.
பட்டியல் இந்தப் பெட்டிக்குள்.
திணைக்களத்தின் புதிய பக்கம்
பழைய விண்டோஸில் திறக்காது.
திங்கள் கடைசி நாள்.

மூடியைக் கழற்றினேன்:
உமித்தூசி, ஒரு பல்லிமுட்டைக் கோது.
ஊதித் துடைத்து மூடினேன்.
பிழை அங்கே இல்லை.

நிர்வாகியிடம் அனுமதி பெறுக என்கிறது.
நான் நிர்வாகியாகத்தான் உள்ளே வந்திருக்கிறேன்.
கடவுச்சொல்லும் சரி.
நானே போய்க் கேட்டு
நானே இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்பும்
இந்தப் பகிடியை
மஹ்றூபாவுக்கு விளக்கினேன்.
அவ சிரிக்கவில்லை.
"கச்சேரியிலயும் இப்பிடித்தான்" என்றா.

உரித்தாளர் யாரென்று திறந்து பார்த்தால்
பெயர் இல்லை.
ஒரு நீண்ட எண், நடுநடுவே கோடு,
திரையின் விளிம்புக்கு அப்பாலும் ஓடியது.
ஆளின் கணக்கை அழித்தாலும்
எண்ணை விடாது இது.
யாரோ ஒருகாலம்
முழு டிரைவையும் தன் பெயருக்கு மாற்றியிருக்கிறார்.

"ஜௌபரா இரிக்கும்.
முந்திச் செயலாளர். கட்டாருக்குப் போன பிறகு
மருமகன்தான் அவர்ர பேர அழிச்சவன்."

வாட்ஸப்பில் பிடித்தோம்.
பின்னால் கிரேன் ஒன்றின் இரைச்சல்.
"எடுங்க, எடுங்க! நான் தந்துட்டன்!
அந்தப் பெட்டி இன்னமும் உசிரோட இரிக்கா?"
கத்திக் கத்தித் தந்தார்.
வாயால் கொடுப்பது
இதற்கு விளங்காது.

கறுப்புத் திரையைத் திறந்தேன்.
ஏழெழுத்துக் கட்டளை ஒன்று உண்டு,
உரித்தை எடு என்று பொருள்.
கேட்டுப் பெறுவதல்ல, எடுப்பது.
பத்து வருடம் தட்டுகிறேன்,
இன்று மட்டும் ஏனோ
முன்னும் பின்னும் பார்த்தேன்.

எண் மறைந்தது.

"ஒத்த வரியிலயா?" என்றா மஹ்றூபா.
கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தா.
"எங்கட வாப்பாட காணி மூணு ஏக்கர்.
பெர்மிட் வெள்ளத்தோட போயிட்டு.
திரும்பி வரக்குள்ள வரம்பில வன இலாகாக் கல்லு.
பதினொரு கடிதம் போட்டாச்சி.
அதுக்கும் இப்பிடி ஒரு வரி இரிக்கா, புள்ள?"

நான் கல்முனையிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவள்.
மணித்தியாலத்துக்கு இவ்வளவென்று பில் எழுதுபவள்.
அடுத்த கட்டளையைப் பிழையாய்த் தட்டி
அழித்துத் திரும்பத் தட்டினேன்.

வரிவரியாய்க் கோப்புகள் மேலேறின,
மதகைத் தூக்கியதும் ஓடுகிற சருகுகள் போல.
பசளை, வரவு, கூட்டறிக்கை,
வெள்ள நட்டஈடு, வெள்ள நட்டஈடு இரண்டு,
வெள்ள நட்டஈடு கடைசி.

பிறகு கணக்குச் சொன்னது:
வெற்றி நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
தோல்வி ஒன்று.

ஜௌபரின் கோப்புறை அது.
"மகளுக்கு" என்று பெயர்.
தனியாகப் பூட்டியிருக்கிறார்.
அதற்கும் ஒரு வழி எனக்குத் தெரியும்.
விரல் விசைகளின் மேல்தான் இருந்தது.
அவர் தந்துட்டன் என்றபோது
இதை நினைத்திருப்பாரா?

விட்டுவிட்டு
மேம்படுத்தலை மறுபடி தொடக்கினேன்.
மின்விசிறி உறுமியது.
வாசலில் ஒருவர் ஹோர்ன் அடித்தார்.
முப்பது. முப்பத்தொன்று.
முப்பத்திரண்டில் நெடுநேரம் நின்றது.
மஹ்றூபா பசளைப் பையை மடியில் வைத்து
பேனையைத் திறந்தபடி இருந்தா.

"முப்பத்தி மூணு" என்றா,
மூடியைப் போடாமலே.