பதினெட்டு கிலோ

பேட்டை எடைமேடையில்
வாழைத்தார் லாரிக்கும் ஜல்லி டிப்பருக்கும் நடுவே
மழைமேக நிறத்தில் ஒரு இரண்டு கதவுக் கார்.
ஆயிரத்து நானூற்றுப் பத்து.
சீட்டைக் கிழித்தவர் எட்டிப் பார்த்தார்:
"சரக்கு என்னவே?"
"சரக்கு இல்லண்ணே. காரத்தான் குறைக்கப் போறோம்."
பைத்தியக்காரப் பயலுவ என்று
அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதலில் கழன்றது பின்னிருக்கை.
அடியில் நாங்குநேரி சுங்கச்சாவடிச் சீட்டு,
காய்ந்த புளிமிட்டாய்,
ஒரு பிள்ளையின் ஒற்றைக் கொலுசு.
கொலுசைத் தராசில் வைத்தான் மீரான் கனி.
பதினோரு கிராம்.
அன்றிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன்.
ஏசி, அதன் குழாய், அதன் விசிறி: இருபத்தாறு கிலோ.
பாட்டுப்பெட்டி ஒன்பது.
தரையில் ஒட்டியிருந்த தார்த்தகடு மட்டும் வர மறுத்தது.
ஐஸ்கிரீம் கம்பெனி உலர்பனியைப் பரப்பி
மரச்சுத்தியலால் தட்டினோம்.
அப்பளமாய் நொறுங்கியது.
முறத்தில் அள்ளி நிறுத்தால்,
ஒரு டாக்டரின் காருக்குள் இருந்த அமைதி
பதினாறு கிலோ.

பிறகு மாடத்தி வந்தாள்.
காற்றாலைக் கோபுரங்களுக்குப் பற்றவைத்த கை.
காருக்குள் சம்மணமிட்டு
ஓர் அங்குலம் பற்று, ஓர் அங்குலம் இடைவெளி என்று
தகடு தகடாய் இருந்ததை ஒரே எலும்பாக்கினாள்.
கூண்டுக் குழாய் வளைவில் மயிரளவு நெளிந்தாலும்
"இது கொடிக்கம்பத்துக்கு ஆவும்" என்று வெளியே எறிந்தாள்.
மூன்று கொடிக்கம்பம் ஆயிற்று.
குறைத்ததில் நாற்பத்தைந்து கிலோ
கூண்டாய்த் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஓட்டிப் பார்க்கக் கிடைத்தது
தேரிக்கு முன்னால் யாரோ மறந்துபோன ஓடுதளம்.
இரவு பத்துக்கு ஜெனிட்டா வாஸ் ஏறினாள். உவரிக்காரி.
மயில்கள் உடைமரக்காட்டுக்குள் போய்விட்டன.
ரோட்டில் ஓர் ஆட்டுக்குட்டிக்காக
ஒருமுறை நிற்கத் தெரிந்த வண்டி
மணிக்கு இருநூறு முறை நிற்கப் பழகியது.
பிரேக் தட்டு சிவந்தது, கறுத்தது, மறுபடி சிவந்தது.
ஆறாம் மணியில்
எல்லா விளக்கும் அணைந்தன.

ஆல்டர்னேட்டர் தாங்கி இரண்டாய் முறிந்திருந்தது.
அதிர்வு வாங்க அங்கே ஒரு ரப்பர் புஷ் இருந்தது.
நாற்பது கிராம்.
நோட்டில் தேதியோடு இருக்கிறது. என் கையெழுத்து.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
மாடத்தி டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு
டீக்குப் போனாள்.
அது போதாதா.

நாலு மாதம் கழித்து
சென்னையிலிருந்து பரிசோதகர் வந்தார்.
நான்கு சக்கரத்துக்கும் நான்கு தராசு வைத்தார்.
கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தரம் பார்த்தார்.
"ரொம்பக் குறைச்சுட்டீங்க தம்பி.
விதிப்படி பதினெட்டு கிலோ பத்தல. ஈயம் ஏத்துங்க."
கனி சிரிக்க ஆரம்பித்தவன்
பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸில்
ஜெனிட்டாவின் சித்தப்பா அனுப்பிய சாக்கு வந்தது:
வலையில் கட்டும் ஈயக்குண்டுகள், மணலும் செதிலுமாய்.
இரும்புச் சட்டியில் உருக்கினோம்.
கொட்டகை முழுக்க மீன்வாடை.
"கொலுசையும் போட்டுருவோமா?" என்றான் கனி.
"பதினோரு கிராம் கூடிரும்ல."
ஆறிய பாளத்தை ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம்
தரையோடு தரையாய் முடுக்கினோம்.

அன்று இரவு, ஓடுதளத்து ஓரம்,
போன் அடித்தது. பாளை டாக்டர்.
மகளுடைய கொலுசு ஏதும் கிடந்ததா என்று கேட்டார்.
கிடக்கு சார், பத்திரமா இருக்கு.
வண்டி எப்படி?
ஓடுது சார்.
ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேட்டார்:
"ஏசி நல்லா குளிருதா?"

ஜெனிட்டா எங்களைத் தாண்டிப் போனாள்.
உள்ளே ஐம்பத்து நாலு டிகிரி.
ஓசை அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.
"குளிருது சார்."