ஏழாம் அத்தியாயத்தில் நின்றுபோன எஞ்சின்

முதற் பிரதியில் சுகிர்தாவுக்குப்
பத்து நகத்திலும் கியூடெக்ஸ் இருந்தது.
மாதுளை நிறம். சனிக்கிழமைதோறும் பூசுவாள்.
திங்களுக்குள் பெற்றோல் பாதியைத் தின்றுவிடும்.
திரும்பப் பூசுவாள்.

இருபத்தைந்து குதிரைவலு எஞ்சின்,
தமையன் விட்டுப்போன படகு,
திருக்கடலூர்க் கரை.
பாலங்கள் வராத காலத்தில்
கொட்டியாரக் குடாவைக் குறுக்கே வெட்டி
மூதூருக்கு ஆளேற்றுவாள்.
கூலி பேசும்போது மட்டும்
குரல் மெதுவாகும்.
ஒரு சதம் குறைக்கமாட்டாள்.

வாசித்துவிட்டுப் பெனடிக்டா கூப்பிட்டாள்.
டச் பே மணலில் கச்சான் உடைத்தபடி சொன்னாள்:
"நல்லாயிருக்கு. ஆனா ஒருத்தரும் நம்பாயினம்.
இவளைப் பலசாலியா வைக்கப்போறியா,
மினுக்கியா வைக்கப்போறியா?
ரெண்டில ஒண்டை முடிவெடு."

முடிவெடுத்தேன்.
இரண்டாம் பிரதியில் கியூடெக்ஸ் போனது.
மூன்றில் கண்மை,
தோடு மாட்டும்போது
கண்ணாடிக்குத் தலைசாய்க்கும் அந்த ஒற்றை வரி
(அதை எழுத எனக்கு நாலு நாள் பிடித்தது).
நான்கில் அழுகை.
தமையனின் சேட்டை மடிக்கும் இடத்தில் அழுவாள்;
இப்போது மடிக்கிறாள், அவ்வளவுதான்.
ஐந்தில் தலைமயிரை ஒட்ட வெட்டினேன்.
வாயில் ஒரு தூஷணமும் வைத்தேன்.
இரவல் சப்பாத்தில் நடப்பவள் மாதிரி
அதில் நடந்து பார்த்தாள்.

பெனடிக்டாவுக்குச் சந்தோஷம்.
"இப்பதான் இவள் பெண்."

பிறகு ஏழாம் அத்தியாயம்.
கார்த்திகை, வாடை இறங்கிய பின்னேரம்.
படகில் ஆறு பேர்,
கலியாண வீட்டுக்குப் போகும் ஒரு பிரிட்ஜ்.
நடுக்குடாவில் எஞ்சின் இருமி நிற்கிறது.
காபரேற்றரில் தூசு.
அவள் கை தானாகப் பிடரிக்குப் போகிறது.
கொண்டை இல்லை.
கொண்டை ஊசியும் இல்லை.
எடுத்தது நான்.
ஆறு பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.
பிரிட்ஜ் ஒரு பக்கமாய்ச் சரிகிறது.

அவர்களைக் கடலில் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள்
வேலியோரம் குப்பை கிண்டிக்கொண்டிருந்தன.
நித்திரை இல்லை.
விடிய முன்னம் எழும்பி
ஊசியைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஊசிக்குக் கொண்டை வேண்டும்,
கொண்டைக்கு மயிர்.
கொடுத்தேன்.
குத்தினாள், ஊதினாள், கயிற்றை இழுத்தாள்.
எஞ்சின் பிடித்தது.

வழக்கு வென்றவள் மாதிரி
பெனடிக்டாவிடம் ஓடினேன்.
"பார், ஊசி உதவுது!"
சொல்லி முடிக்க முன்னமே
எனக்குக் கூச்சமாய்ப் போனது.

உதவாவிட்டால்?
ஆயுதமென்று நிரூபித்த பிறகுதான்
ஒரு ஊசி கூந்தலில் இருக்கலாமா?
கியூடெக்ஸ் எந்த எஞ்சினைத் திருத்தும்?
இவளுடைய தமையன், முதலாம் அத்தியாயத்தில்,
மீசையைச் சீவிச் சீவிக் கண்ணாடி பார்ப்பான்,
சென்ற் அடிக்காமல் கரையிறங்கமாட்டான்.
அவனை முடிவெடு என்று
யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

பெனடிக்டா மடியிலிருந்த கோதுகளைத் தட்டினாள்.
கடலைப் பார்த்தபடி,
"முதல் வேலைக்கு இன்டர்வியூ போகேக்க
காப்பைக் கழட்டிப் பைக்குள்ள போட்டனான்," என்றாள்.
"வேலை கிடைச்சுது."
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்தப் பை எங்கயெண்டு தெரியேல்லை."

கடைசிப் பிரதியில்
மூதூர்த் துறையில் பிரிட்ஜ் இறங்கிவிட்டது.
சுகிர்தா படகு விளிம்பில் இருக்கிறாள்,
முழங்காலிடையே சின்னப் போத்தல்.
ஒன்பது நகம் முடிந்தது.
திரும்பிப் போகிறவர்கள் அந்தரப்படுகிறார்கள்:
இருட்டுது பிள்ளை, காத்து ஏறுது.

"காயட்டும்," என்கிறாள்
பத்தாவதை ஊதிக்கொண்டு.