பதினேழாம் பட்டை

வல்திவியாவில் மழை விடுவதில்லை;
கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.
பள்ளிப் பட்டறையின் தகரக் கூரைக்கடியில்
இருபத்திரண்டு மணிக்கட்டுகளில்
சாம்பல் நிறப் பட்டைகளை நானே கட்டிவிட்டேன்.
நாடி, தோலின் வியர்வை, கையின் அசைவு.
நொடிக்கு முப்பத்திரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொள்ளும்.
பெயர்கள் எனக்குத் தெரியக் கூடாது.
எண்கள் மட்டும்.

வேலை இதுதான்:
மெல்லிய மரக்குச்சி, பசை, நூல்,
முழங்கை உயரத்தில் ஒரு கோபுரம்.
துளைபோடும் இயந்திரத்தின் மோட்டார் பூட்டிய மேசை
ஆட்டும்போது அது நிற்க வேண்டும்.
நிலநடுக்கம் என்றால் என்னவென்று
இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
நான் தங்கிய விடுதியில்
சுவர்ப் படம்கூட இரண்டு ஆணியில் தொங்குகிறது.

இரவு. ஆறிய காபி.
திரையில் இருபத்திரண்டு கோடுகள்.
நான்காம் எண்ணுக்குக் கோபம் வந்த இடம் தெரிகிறது:
பசை காயுமுன் கையை எடுத்திருக்கிறான்.
ஒன்பதும் பத்தும் ஒன்றாகவே துடிக்கிறார்கள்.
கூட்டு முயற்சி என்று எழுதினேன்.
காதலாகவும் இருக்கலாம்; அதற்குக் கட்டம் இல்லை.

பதினேழில் நின்றுவிட்டேன்.
பதினொன்று இருபதுக்கு
நாடி இல்லை.
வியர்வை இல்லை.
தோலின் சூடு இறங்கி அறையின் குளிரைத் தொட்டுவிட்டது.
ஆனால் கை மட்டும் ஆடுகிறது,
நொடிக்கு மூன்று முறை, ஒரு பிசிறில்லாமல்.
உயிருள்ள எந்தக் கையும் இவ்வளவு ஒழுங்காக ஆடாது.
செத்த கை ஒன்று ஒன்பது நிமிடம் தாளம் போடுகிறது.

விதி எளியது.
தோலைத் தொடாத தரவு செல்லாது. நீக்கு.
எலியாசர் தொலைபேசியில் அதையே சொன்னான்,
பல் துலக்கிக்கொண்டே.
நான் மூலைக் காமிராவின் பதிவைத் திறந்தேன்.

ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்ட ஒரு பெண்,
மூன்று முறை சரிந்த கோபுரத்தின் முன்னால்.
மணிக்கட்டைப் பார்க்கிறாள்.
திரும்பிப் பார்க்கிறாள். என்னைத்தான்.
எனக்கு அப்போது முதுகு, கையில் பேட்டரிகள்.
பட்டையை அவிழ்த்துக் கோபுர உச்சியில் கட்டுகிறாள்,
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.
"மிரேயா, விளக்கையா அணைக்கணும்?" என்று ஒரு குரல்.
(பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது.)
ஜன்னலில் மழை இருட்டு.

நாடி பார்க்கும் பச்சை விளக்கு
தோலோடு ஒட்டியிருக்கும்வரை யார் கண்ணிலும் படாது.
இப்போது அது
இருட்டில் இழுபட்டு ஒரு கோடாகிறது.
அளவுகோலை நீட்டிக் கோட்டை அளக்கிறாள்.
உச்சியில். நடுத் தளத்தில். அடியில்.
முன்னங்கையில் பேனாவால் மூன்று எண்கள்.
என் திரையிலும் அதே மூன்று:
பெரிது, கிட்டத்தட்டப் பெரிது, சிறிது.
நடுத் தளத்தில் குறுக்காக ஒரு குச்சி ஒட்டுகிறாள்.
பட்டை கைக்குத் திரும்புகிறது.
நாடி: நூற்றெட்டு.

பிறகு மற்ற தலைகள் காமிராவை மறைத்துவிட்டன.
பதினொன்று முப்பத்து நான்கில் வியர்வைக் கோடு
செங்குத்தாக ஏறுகிறது.
நின்றதா, விழுந்ததா?
மகிழ்ச்சிக்கும் பயத்துக்கும் தோலில் ஒரே உப்பு.

நீக்கியதன் காரணம் கேட்கும் கட்டத்தில்
மூன்றே விடைகள்:
பட்டை தளர்வு. பேட்டரி தீர்ந்தது. மாணவர் வரவில்லை.
எதையும் தொடாமல் மூடினேன்.

நாளைய பையில்
எண் ஒட்டாத பட்டை ஒன்றைக் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.
எலியாசர் கணக்குக் கேட்பான்.