பூஜ்யம் புள்ளி எழுபத்து மூன்று

ஓலமோட்ஸில் ட்ராம் நிற்கும் முனையில் அந்தக் கடை.
கண்ணாடிக் கிண்ணத்தில் பிக்குகள்,
மிட்டாய்த் தாளின் நிறங்களில்.
ஒரு காப்பிக் காசுக்கு ஐந்து வரும்.
"எது பிடித்திருக்கிறது?" என்கிறான் ஸ்த்யேபான்.
வலக்கை நகங்களை மட்டும் வளர்த்து வைத்திருக்கிறான்,
அவனுக்கு இவை எதுவும் தேவையில்லை.

எனக்குப் பிடிப்பதில்தான் சிக்கல்.

பல் கட்டும் பட்டறையில் பதினேழு வருடம்.
முன்பற்கள் ஹெட்விகாவுக்கு, கடைவாய் எனக்கு.
முடியளவு உயர்ந்துவிட்டால் போதும்,
ப்ரோஸ்டெயோவில் யாரோ ஒருவர்
ரொட்டியைக் கடிக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவார்.
ஆகவே தடிமன் பற்றி
எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை என்றிருந்தேன்.

மெல்லியதை வாங்கினேன்.
ஈரத்துணியை உதறுவது போல் ஒரு சத்தம்,
அதன் பின்னால் எங்கோ சுருதி.
தடித்ததை வாங்கினேன்.
தந்தி நகரவில்லை, என் மணிக்கட்டு நகர்ந்தது;
கீழ்வீட்டு ஸாப்லெடால் துடைப்பக்கட்டையால்
கூரையை இடித்தார், தாளம் தப்பாமல்.
நடுவில் ஒரு மஞ்சள்,
பூஜ்யம் புள்ளி எழுபத்து மூன்று.
அது நல்ல பிக். கைதான் சரியில்லை.

உடும்புப் பிடி.
கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை பிடித்தேன்.
பிடிக்கப் பிடிக்க அது திரும்பியது,
கூர்முனை உள்ளங்கையைப் பார்த்தது,
நாலாவது அடியில் கிட்டாரின் வயிற்றுக்குள் விழுந்தது.
உண்டியலைக் கவிழ்ப்பது போல்
தலைக்குமேல் தூக்கிக் குலுக்குவேன்.
ஒருநாள் பிக்கோடு ஒரு கொண்டை ஊசியும்
பேருந்துச் சீட்டும் விழுந்தன.
சீட்டு என்னுடையதில்லை.

சரி, நானே செய்துகொள்கிறேன் என்று
மதியச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்தேன்.
பல்செட்டுக்கு ஊற்றும் பிசின்,
ஈறின் இளஞ்சிவப்பு.
விளிம்பைச் சாய்வாக அராவி
படிகக்கல் பொடியில் மெருகேற்றி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்
மெல்லிய நரம்புகூடத் தெரிந்தது.
"யார் வாயிலிருந்து பிடுங்கினாய்?" என்றாள் ஹெட்விகா.

வியாழன் இரவு,
பியர்க்கடையின் பின்னறை.
போர்ஷிவொயிடம் பாஞ்சோ,
ஸ்திஸ்லாவா தன்னைவிட உயரமான பாஸைக்
கட்டிக்கொண்டு நிற்கிறாள்.
கடல் கடந்து வந்த மலைப்பாட்டுகள்,
எங்கள் ஊர்ச் சொற்களில்,
ரயிலும் நிலக்கரியும் இங்கும் இருந்ததால்
அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.
மூன்றாவது பாட்டு. என் முறை.
ஈறு உடைந்தது.

ஒரு பாதி போர்ஷிவொயின் குவளைக்குள்.
மறுபாதி என் விரல் நுனியில்,
உளுந்தம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிது.
நிறுத்த நேரமில்லை.
இறுக்க இடமில்லை.
தொட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்,
விழுந்தால் விழட்டும் என்று.

ஜி தந்தி திறந்தது.

எப்படிச் சொல்ல.
அடுத்த தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தை
பேர் சொல்லிக் கூப்பிடாமலே
வாசலில் வந்து நின்றது போல்.
பதினாறு மாத்திரை.
அப்புறம் அதுவும் நழுவிப் போனது,
ஸ்திஸ்லாவா என்னைப் பார்க்கவேயில்லை,
போர்ஷிவொய் குவளையிலிருந்து
எதையோ துப்பினான்.

மறுநாள் மஞ்சளை எடுத்தேன்.
பெரும்பகுதியை விரல்களுக்குள் மறைத்து
அரிசியளவு முனையை மட்டும் வெளியே விட்டேன்.
சில நாள் வருகிறது.
ஸாப்லெடால் இடிக்காத நாள்கள்
அவர் ஊரில் இல்லாத நாள்களாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை, பட்டறையில்,
கீழ் வரிசை ஆறாம் பல்லை எடுக்கும்போது
விரல் தளர்ந்தது.
பதினேழு வருடத்தில் முதல்முறை.
தரையில் இரண்டு முறை துள்ளும் சத்தம் கேட்டது,
நல்ல சத்தம்.
"லூத்மிலா, உனக்கு என்ன ஆச்சு?"
முழங்காலில் நின்று அலமாரிக்கடியில் கைவிட்டுத் துழாவினேன்.
தூசி. ஒரு திருகாணி.
பல் கிடைக்கவில்லை.
மறுபடி வார்க்க வேண்டும்,
நாளைக் காலை பத்துக்கு ஒரு கிழவர்
வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பார்.