எப்சிபாவின் பன்னிரண்டு

சத்துவாச்சாரி மாடியறையில்
ஏசி நின்றுபோன மே மாதம்.
எப்சிபா செத்து ஏழு மாதம்.
அவள் தம்பி சாலமோன் கொண்டுவந்த கட்டைப்பையில்
நாலு கேசட், ஒரு பென்டிரைவ்,
திரை உடைந்த போன்.

பன்னிரண்டு பாட்டுத் தேறியது.
இரண்டாவதில் குடியாத்தம் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்
அவளோடு சேர்ந்து பாடுகிறது.
அதை எடுத்தால்
அவள் குரலின் அடிப்பாகமும் போகிறது.
ஏழாவதில், வருஷம் முடிகிற ராத்திரி ஆராதனையில்,
பாட்டு முடியுமுன்பே ஒரு குழந்தை
ஆமென் சொல்லிவிடுகிறது.
கடைசி, எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்.
"ஜோயல், மெட்டு இப்படி வருதா பாரு" என்று தொடங்கி
குக்கர் விசில் வந்ததும் நின்றுவிடும்.
அன்றைக்கு நான் பதில் போடவில்லை.
நீல டிக் மட்டும்.

"அந்த இடத்துல சுருதி இறங்குது, தூக்கிடுங்க" என்றான் சாலமோன்.
தூக்கினேன்.
வேறு யாரோ பாடுகிற மாதிரி இருந்தது.
இறக்கிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

அவள் தனியாய் நிற்கிற படமே இல்லை.
கத்தரித்ததில் இடது தோளில்
யாருடைய விரலோ மிச்சம்.
கீழே "சோல் பாடகி" என்று போட்டோம்.
ராணிப்பேட்டை அச்சகத்துப் பையன் கேட்டான்:
"எந்த ஷூ கம்பெனில, சார்?"
சிரித்துவிட்டேன். பிறகு நினைவு வந்து,
"ஆம்பூர்ல. ரெண்டு வருஷம். பசை ஒட்டுற செக்‌ஷன்" என்றேன்.
அந்தப் பசை நெடியில்தான் தொண்டை கெட்டது என்பாள்.
அந்தக் கரகரப்பைத்தான்
ஆன்மா என்று விற்கப்போகிறோம்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
இரண்டு விநாடி மௌனம் வைப்பது வழக்கம்.
உயிரோடிருக்கையில் அவள் ஒருநாளும்
இரண்டு விநாடி சும்மா இருந்ததில்லை.

நேற்று காது காட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
மால்டாவிலிருந்தும் அசன்சோலிலிருந்தும் வந்தவர்கள்
ஃபைலை மடியில் வைத்துக் காத்திருக்கிற கூடத்தில்
அவள் குரல்.
பில் கவுண்டரில் இருந்தபோது பேசிக் கொடுத்ததாம்,
ஒன்றிலிருந்து ஐந்நூறு வரை,
தமிழில், இந்தியில்,
லாட்ஜ்காரர்களிடம் கேட்டுக்கேட்டுக் கற்ற வங்காளத்தில்.
இன்னும் மாற்றவில்லை.
எண்பத்தொன்றில் அந்த 'ஒன்று' மேலே ஏறி
இறங்க மாட்டேன் என்கிறது.
ஒரு கிழவர் எழுந்து
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

எண்பத்து நான்கு.
என் எண்.
எழவில்லை.
அவள் இன்னொரு தடவை கூப்பிடுவாள்.